முதலில் குனிந்து அடியைப் பாருங்கள்

(டீசல் வேன் பராமரிப்பு: வாசகர் கேள்வி-பதில்)

மீன் வேன் ஓட்டுநர், காட்டுப்பள்ளி
*என் வேனில் எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு. ஆனா எஃப்சிக்குப் போனா சேஸிஸைக் காட்டித் திருப்பி அனுப்புறாங்க. ஏன் சார்?*

எஞ்சினுக்கு நல்ல ஆயில் ஊற்றுகிறீர்கள், சேஸிஸுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். அதுதான் காரணம். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கழிமுகமும். வண்டி சும்மா நின்றாலே இரண்டு பக்கமும் உப்புக் காற்று. அதோடு இறால் கூடையிலிருந்து உருகும் ஐஸ் தண்ணீர், தளத் தகட்டின் இடுக்கு வழியாகச் சேஸிஸ் மடிப்புக்குள் இறங்கித் தங்குகிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் மழை பெய்யாத மாதத்திலும் இரும்பு நனைந்தே கிடக்கும். இந்தக் கரையில் எஞ்சின் போய்ச் சாகும் வேனைவிட, அடி உளுத்துச் சாகும் வேன்தான் அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

செய்ய வேண்டியது: கூடைகளுக்கு அடியில் விளிம்பு மடித்த தகட்டுத் தட்டு ஒன்று. அதன் மூலையில் ஒரு ஹோஸ், ஹோஸின் மறுமுனை ஒரு கேனுக்குள். சேஸிஸும் பிழைக்கும், பின்னால் பைக்கில் வருகிறவரும் வழுக்கி விழாமல் வீடு போய்ச் சேருவார். எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்சி. தேதி நெருங்கும்போது அவசரமாகக் கறுப்புப் பெயின்ட் அடிப்பதால் துரு நிற்காது, பெயின்டுக்கு உள்ளே தொடரும்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்
*குடிக்கிற தண்ணிக்கே காசு கொடுக்கிறோம். வேனைக் கழுவ நல்ல தண்ணிக்கு எங்கே போறது?*

உங்கள் கோபம் நியாயமானது. சென்னைக்காகக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010 முதல் உங்கள் மணலில்தான் நிற்கிறது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் அதன் திறன். பக்கத்துக் குப்பத்துக்காரர் நல்ல தண்ணீருக்கு அலையக் கூடாது என்று உரக்கவே கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன்.

அதுவரை ஒரு வழி உண்டு. வயலில் மருந்தடிக்கும் 16 லிட்டர் முதுகு ஸ்பிரேயர் ஒன்று புதிதாக வாங்குங்கள். மருந்தடித்த பழையது வேண்டாம். வாளி வாளியாக ஊற்றுவதில் பாதி மண்ணுக்குத்தான் போகிறது, ஸ்பிரேயரோ இடுக்குக்குள் புகும். சக்கர வளைவின் உள்பக்கம், ஸ்பிரிங் பட்டைகளின் நடுவே, சேஸிஸ் மடிப்பு, தளத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் ஆகிய நான்கு இடத்துக்கு ஒரு டேங்க் போதும். வாரம் ஒரு முறையாவது, லோடு இறக்கி வந்த அன்றே அடியுங்கள். உவர்ப்பான போர் தண்ணீரில் கழுவுவதானால் கழுவாமலே விட்டுவிடுங்கள்.

மீனவர், கோரைக்குப்பம்
*எங்க அப்பா வள்ளத்துக்கு மீன் எண்ணெய் பூசுவார். வேன் அடியில அதையே பூசலாமா? மெக்கானிக் சிரிக்கிறார்.*

மெக்கானிக்குக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். ராபர்ட் ஃபெர்குசன் என்ற கப்பல் கேப்டன், துருப்பிடித்த இரும்புத் தளத்தில் மீன் எண்ணெய் சிந்திய இடத்தில் மட்டும் துரு பரவாமல் நின்றதைக் கவனித்தார். அதை வைத்தே பெயின்ட் தயாரித்து, 1921-இல் அமெரிக்காவில் ‘ரஸ்ட்-ஓலியம்’ நிறுவனத்தைத் தொடங்கினார். உலகம் முழுக்க விற்கும் அந்தத் துருத்தடுப்புப் பெயின்டின் பிறப்பு அப்பா கையிலிருந்த அதே பொருளில்தான். மீன் எண்ணெய் காற்றுப் பட்டால் மெல்ல இறுகிப் படலமாகும். துருவின் துளைகளுக்குள்ளும் ஊறி இறங்கும்.

ஆகவே பூசலாம். முதலில் உப்பைக் கழுவி, கம்பி பிரஷ்ஷால் உதிரும் துருவைத் தேய்த்து எடுத்து, ஒரு பகல் வெயிலில் காயவிட்டு, மெல்லிய பூச்சாக அடியுங்கள். பிரேக் டிரம், ரப்பர் புஷ், சைலன்சர் பக்கம் ஒரு துளியும் போகக் கூடாது. நாற்றமும் அதற்கு வரும் எலியும் நாயும் சில நாள் தொல்லை தரும். ஒரு எச்சரிக்கையை மறக்க வேண்டாம்: எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடும். விரித்துக் காயவிட்டு, பிறகு எறியுங்கள்.

நாற்றம் ஆகாது என்பவர்கள் ரெட் ஆக்சைடு பிரைமரும் அதன்மேல் பெயின்டும் அடிக்கலாம். துருவுக்கு மேலேயே தாரை அப்புவது மட்டும் வேண்டாம். ஈரத்தை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துகிற வேலை அது.

டிரைவர், மீஞ்சூர்
*கறுப்புப் புகை, வெள்ளைப் புகை, நீலப் புகை. எதுக்குப் பயப்படணும்?*

கறுப்பு என்றால் எரிய வேண்டிய டீசலுக்குக் காற்று போதவில்லை. ஏர் ஃபில்டரையும் நாஸிலையும் பாருங்கள். நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது, செலவு வருகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் வெள்ளை வந்து மறைந்தால் கவலை இல்லை. சூடான பிறகும் வெள்ளை நிற்காமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டில் பயம் வையுங்கள். அன்றைக்கே வண்டியை நிறுத்துங்கள்.

வாசகர், அத்திப்பட்டு
*ஏர் ஃபில்டரை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருக்கா மாத்தணும்?*

கையேடு எழுதியவர் உங்கள் சாலையைப் பார்த்ததில்லை. அனல் மின் நிலையச் சாம்பலும் கன்டெய்னர் லாரி கிளப்பும் புழுதியும் சேர்ந்த ஊரில், கையேடு சொல்வதில் பாதித் தூரத்திலேயே திறந்து பாருங்கள். காகித ஃபில்டரைத் தட்டலாம். காற்று பிடிப்பதானால் குறைந்த அழுத்தத்தில் உள்ளிருந்து வெளியே. தண்ணீரில் அலசக் கூடாது. ஃபில்டர் கிழிந்து சாம்பல் உள்ளே போனால் லைனரையும் பிஸ்டன் ரிங்கையும் அரைத்துவிடும்.

மீன் வியாபாரி, பழவேற்காடு
*நாங்க நாலு பெண்கள் சேர்ந்து கடன் போட்டு வேன் வாங்கினோம். டிரைவர் தம்பி சொல்றதுதான் கணக்கு. எங்களுக்கு வண்டியில ஒண்ணும் தெரியாது. என்ன பார்க்கலாம்?*

நிறைய பார்க்கலாம் அம்மா. செவுளைத் தூக்கிப் பார்த்தே மீன் எப்போது பிடித்தது என்று சொல்கிற கண்ணுக்கு வேன் கடினமே இல்லை. விடியற்காலையில் வண்டியை எடுக்குமுன், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, சமதளத்தில் நிறுத்தி ஆயில் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். இரண்டு குறிக்கு நடுவே இருக்க வேண்டும். டீசல் வண்டியில் ஆயில் சீக்கிரம் கறுக்கும், அது குற்றமில்லை. பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, வண்டி கிளம்பக் கூடாது. அடுத்து கூலன்ட் டப்பாவின் அளவுக் கோடு. அடுத்து டயர்.

கடைசியாக, நேற்றிரவு வண்டி நின்ற இடத்து மண்ணைப் பாருங்கள். கறுப்புச் சொட்டு என்றால் எஞ்சின் ஆயில். பச்சையோ சிவப்போ என்றால் பெரும்பாலும் கூலன்ட். சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக வழவழவென்று இருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம், எத்தனை கிலோ இறால் காத்திருந்தாலும் அன்று வண்டி ஓடக் கூடாது.

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, கிலோமீட்டர், டீசல் லிட்டர், மாற்றிய பொருள், கொடுத்த பணம். ஒரே பொருள் இரண்டு முறை மாறினால் நோட்டு சொல்லிவிடும். டிரைவர் தம்பியைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. அவரும் அதே நோட்டில் எழுதட்டும்.

குட்டியானை உரிமையாளர், காளஞ்சி
*டீசல் தீர்ந்து நின்னுபோச்சு. டீசல் ஊத்தினாலும் ஸ்டார்ட் ஆகலை. மெக்கானிக் பொன்னேரியிலேர்ந்து வரணும். நானே ஏர் எடுக்கலாமா?*

உங்களுடையது பழைய வகை பம்ப் வைத்த வண்டி என்றால் தாராளமாக எடுக்கலாம். படகு எஞ்சினில் இதைத்தானே செய்கிறீர்கள்? டேங்கில் போதுமான டீசல் விடுங்கள். ஃபில்டர் தலையிலோ ஃபீட் பம்பிலோ கைப் பம்ப் இருக்கும். ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, நுரை நின்று தெளிவான டீசல் வரும்வரை பம்ப் அடித்து, இறுக்குங்கள். பம்பிலுள்ள ஸ்குரூவிலும் அப்படியே. அப்போதும் மசியவில்லை என்றால் நாஸில் பைப் நட்டை அரைச் சுற்று தளர்த்தி, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். டீசல் கக்கியதும் இறுக்கிவிடுங்கள். செல்ஃபைத் தொடர்ந்து பிடிக்காமல் விட்டு விட்டு அடியுங்கள், இல்லாவிட்டால் மோட்டார் வெந்துபோகும்.

டீசல் தீராமலே அடிக்கடி ஏர் பிடித்தால் எங்கோ பைப் ஓட்டை. உப்பு தின்ற டேங்க் பைப்பை முதலில் சந்தேகியுங்கள்.

அதே கேள்வி, புதிய வண்டி வைத்திருப்பவர், கருங்காளி

கூடாது. உங்கள் வண்டி காமன் ரெயில். அதன் பைப்பில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். உங்கள் டயரிலிருப்பது சில பார்தான். எஞ்சின் ஓடும்போது அந்த நட்டைத் தளர்த்தினால் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், முதலில் வலியும் பெரிதாக இருக்காது. வீட்டுக்குப் போய் மஞ்சள் பற்றுப் போட்டுப் படுத்தால் விரலே போய்விடலாம். அப்படி நேர்ந்தால் ஒரு மணி நேரமும் வீணாக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், ‘அழுத்தத்தில் டீசல் ஏறிவிட்டது’ என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். வடசென்னைக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி: ராயபுரம் பக்கத்திலுள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவைப் பிரிவு நாடறிந்தது. பேராசிரியர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த பிரிவு அது.

புதிய வண்டியிலும் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: டீசல் ஃபில்டருக்கு அடியிலுள்ள ஸ்குரூவைத் திறந்து, எஞ்சின் நின்றிருக்கும்போது, சேர்ந்த தண்ணீரை வடிப்பது. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள். டீசல் எடை குறைவு, தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். ஒவ்வொரு முறையும் தண்ணீர் வந்தால் பங்கையோ உங்கள் கேனையோ மாற்றுங்கள்.

படகுக்காரர், லைட் ஹவுஸ் குப்பம்
*படகுக்கு வர்ற வரியில்லா டீசல் மிச்சமிருந்தா வேனுக்கு ஊத்தலாமா?*

கூடாது. அது கடலில் உயிரைப் பணயம் வைப்பவருக்கென்று அரசு கொடுக்கும் சலுகை. வேனில் போவதால் அந்தச் சலுகைக்கே ஆபத்து வரும், அதை நம்பியிருக்கும் உங்கள் குப்பத்து எல்லாப் படகுக்கும் சேர்த்து.

கல்லூரி மாணவி, பொன்னேரி
*டீசல் எஞ்சின் முதலில் கடலை எண்ணெயில் ஓடியது என்கிறார்களே, உண்மையா?*

பாதி உண்மை. ருடால்ஃப் டீசலின் எஞ்சின் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1897-இல் வெற்றி கண்டது, பெட்ரோலிய எண்ணெயில்தான். 1900 பாரிஸ் கண்காட்சியில் சிறிய டீசல் எஞ்சின் ஒன்றைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். தாவர எண்ணெயில் ருடால்ஃப் டீசலுக்கு உண்மையான நம்பிக்கை இருந்தது. 1913 செப்டம்பரில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் காணாமல் போனார், பின்னர் உடல் கடலில் கிடைத்தது. இன்றைய நாஸிலில் சமையல் எண்ணெய் விடாதீர்கள், பிசின் கட்டி அடைத்துவிடும்.

வேன் உரிமையாளர், பழவேற்காடு
*நம்ம ஊர்ல தண்ணி உறையப்போறதில்லை. அப்புறம் கூலன்ட் எதுக்கு?*

கூலன்ட் கொதிநிலையை உயர்த்தும், உள்ளே துருவையும் தடுக்கும். நமக்கு இந்த இரண்டும்தான் தேவை. ஏரிக்கரைக் கிணற்றுத் தண்ணீரை ரேடியேட்டரில் விட்டால் உப்பு படிந்து குழாய்கள் அடைபடும், தண்ணீர் பம்ப் அரிக்கும். கலந்தே வரும் கூலன்ட் வாங்குங்கள், அல்லது பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டருடன் பாதிக்குப் பாதி. சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆறும்வரை காத்திருங்கள்.

கோட்டைக்குப்பத்திலிருந்து
*புயல் வெள்ளத்துல வேன் முக்கால் சக்கரம் முங்கிடுச்சு. இறங்கினதும் ஸ்டார்ட் பண்ணலாமா?*

சாவியைத் தொடாதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையெங்கும் வெள்ளத்தில் நின்ற வண்டிகளுக்குச் சொன்ன அறிவுரை இதுதான். டீசல் எஞ்சின் காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நசுக்கி ஓடுவது. தண்ணீர் நசுங்காது. சிலிண்டருக்குள் கொஞ்சம் தண்ணீர் இருந்தால்கூட செல்ஃப் அடித்த நொடியில் கனெக்டிங் ராடு வளையும்.

பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே காய்ந்திருந்தால் பாதி பயம் போயிற்று. ஈரமாக இருந்தால் ஹீட்டர் பிளக்கையோ நாஸிலையோ கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் மேற்கொண்டு எதுவும். எஞ்சின் ஆயில் பால் நிறமானால் வடித்து மாற்றுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டுப் பலர் விட்டுவிடுவது பின் ஆக்ஸில் ஹவுசிங்கை. ஓடிச் சூடான ஹவுசிங் குளிர்ந்த நீரில் இறங்கும்போது சுருங்கும் காற்றோடு மூச்சுத்துளை வழியாகத் தண்ணீரையும் உறிஞ்சும். கிரவுன் சத்தம் போடுவது மாதங்கள் கழித்துத்தான், அதற்குள் வெள்ளத்தையே மறந்திருப்போம். அந்த ஆயிலையும் பாருங்கள், சக்கர பேரிங்குகளைக் கழற்றிப் புதுக் கிரீஸ் அடையுங்கள். உப்பு வெள்ளமென்றால் இரட்டிப்பு அவசரம்.

வாசகர், கூனங்குப்பம்
*மணல்ல ஜாக்கி நிக்க மாட்டேங்குது.*

நிற்காது. இரண்டு அங்குல கனமுள்ள அகலப் பலகை ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும், அதன்மேல் ஜாக்கி. மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல். கழற்றிய சக்கரத்தைச் சேஸிஸுக்கு அடியில் படுக்க வையுங்கள். ஜாக்கி சறுக்கினாலும் வண்டி அதன்மேல்தான் உட்காரும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் தலை விடாதீர்கள். தலையைக் கொடுத்தவர்களின் வீடுகள் எனக்குத் தெரியும்.

செகண்ட் ஹேண்ட் வேன் பார்ப்பவர், வைரவன்குப்பம்
*வாங்குறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்?*

சிறு சுத்தியலோடு போங்கள். சேஸிஸையும் ஸ்பிரிங் பட்டைகள் மாட்டிய தாங்கிகளையும் தட்டுங்கள். நல்ல இரும்பு ‘டங்’ என்று பதில் சொல்லும், உளுத்தது ‘டொப்’ என்னும். தகடு உதிர்ந்தால் திரும்பி வந்துவிடுங்கள். ‘ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன், வாங்க’ என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எஞ்சினைத் தொட்டுப் பார்த்து, குளிர்ந்ததுதான் என்று தெரிந்த பிறகு நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை பலமாக ஊதுகிறதா என்று பாருங்கள், ஊதினால் ரிங் தேய்ந்திருக்கிறது. கடைசியாக டார்ச் அடித்து பிரேக் பைப்புகளை முழு நீளத்துக்கும் பாருங்கள்.

அதே வாசகர்
*புதுப்பேட்டையில பழைய பார்ட்ஸ் வாங்கலாமா?*

கதவு, கண்ணாடி, சீட், பம்பர் வாங்குங்கள். ஆல்டர்னேட்டரைச் சோதித்து வாங்குங்கள். பிரேக், ஸ்டியரிங், ரப்பர் என்றால் புதிதுதான், ஜி.பி. ரோட்டில் பில்லோடு. பிரேக் பைப்பை நடுவில் வெட்டி வெல்டிங் வைக்கலாமா என்று கேட்டு இரண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. கூடவே கூடாது. முழுப் பைப்பையும் மாற்றுங்கள், தெரிந்த கையில் கொடுத்து. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பொருள், நம் காற்றில் கேட்கவே வேண்டாம். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள்.

ஆசிரியர், மீஞ்சூர்
*எண்ணூரிலேயே வண்டித் தொழிற்சாலை இருக்கிறதே, நம் பகுதிக்கு அந்தத் தொழிலோடு உறவு எவ்வளவு பழையது?*

1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. எண்ணூர்தான் அதன் தாய்வீடு. உங்கள் குப்பங்களில் ஓடும் ‘தோஸ்த்’ 2011-இல் வந்தது, அது ஓசூர்ப் பிள்ளை. கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் இவ்வளவு கைத்திறன் இருக்க, இந்தப் பக்கத்து இளைஞருக்கு டீசல் மெக்கானிக் பயிற்சி வாசலிலேயே கிடைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

வேன் உரிமையாளர், ஆண்டார்மடம்
*மாத்தின பழைய ஆயிலை என்ன செய்யிறது? சேஸிஸ்ல அடிச்சா துரு பிடிக்காதுன்னு சொல்றாங்களே.*

அடித்ததில் பெரும்பகுதி சொட்டி மண்ணுக்கும், மழையில் ஏரிக்கும் போகும். 2023-இல் மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய், எண்ணூர் முகத்துவாரத்தில் வலையையும் படகையும் அலையாத்திச் செடியையும் எப்படிக் கறுப்பாக்கியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெரிய ஆலை செய்தால் குற்றம், நாம் கேனில் கொண்டுபோய் ஊற்றினால் பரவாயில்லை என்று ஆகாது. இறால் குஞ்சுக்கு இரண்டும் எண்ணெய்தான். பழைய ஆயில் சட்டப்படியே அபாயக் கழிவு, 2016 விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. மூடியுள்ள கேனில் சேர்த்து, மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பிலோ பங்கிலோ கொடுங்கள். ஐந்து வேன்காரர்கள் சேர்ந்து ஒரு பீப்பாய் வைத்தால் எடுத்துப்போக ஆள் வருவார். ஆயில் ஃபில்டரையும் கவிழ்த்து வடித்த பிறகே போடுங்கள்.

பதினெட்டு வயது வாசகர், காட்டுப்பள்ளி
*பத்தாவதோட நின்னுட்டேன். எஞ்சினைப் பிரிச்சுக் கத்துக்க ஆசை. என்னால முடியுமா?*

முடியும் தம்பி. கோவை ஜி.டி. நாயுடுவும் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்தான். ஓட்டலில் வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைக் கழற்றி மாட்டியே இயந்திரம் கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே பஸ் விட்டார், பிறகு மோட்டாரே தயாரித்தார்.

நீ வீட்டு வேனில் கை வைக்காதே, அது சோறு போடுகிற வண்டி. கரையில் கிடக்கும் பழைய படகு எஞ்சின் ஒன்றை ஒற்றை சிலிண்டராகப் பார்த்துக் கேட்டு வாங்கு. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் செல்போனில் படம் எடு. ஓர் அட்டையில் எஞ்சினை வரைந்து, எந்த ஓட்டையில் எந்த போல்ட்டோ அதே இடத்தில் குத்தி வை. நீளம் ஒன்றுபோலத் தெரிந்தாலும் மாற்றி மாட்டினால் பிளாக்கே விரிசல் விடும். ஹெட் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றாக இறுக்கு. டார்க் ரெஞ்ச் விலை அதிகம், பொன்னேரியிலோ மீஞ்சூரிலோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் ஒரு நாளைக்குத் தருவார்கள். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் பிரிவுக்குப் பத்தாவது தேறியிருந்தால் விண்ணப்பிக்கலாம். சேர்க்கை அறிவிப்பு வரும்போது விட்டுவிடாதே.